அந்தோணிக்கு ஆபத்து ஞானஸ்நானம்

மீன் வளர்க்கிற வீட்டில் மீன் குழம்பு வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, ஃபாதர். ராயபுரத்தில் நாங்கள் முப்பது வருஷமாக வைக்கிறோம். கடிதத்தில் பாவசங்கீர்த்தனம் செல்லாது என்பதும் தெரியும். நேரில் வந்தால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவள் நான்தான்.

என் வீட்டுக்காரர் செல்வநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்து ஐந்து கலர் மீன்கள் வளர்த்தார். காலையில் எழுந்ததும், "இன்னா நைனா, துன்னியா?" என்று ஒவ்வொன்றையும் விசாரிப்பார். என்னை அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை.

தொட்டிக்கு வாங்கிய பாறையின் ஓட்டையிலிருந்து ஒரு நாள் புழு மாதிரி ஏதோ எட்டிப் பார்த்தது. ஐந்து கொம்பு, கத்தரிக்கோல் மாதிரி வாய், உடம்பெல்லாம் வானவில் நிறம். செல்வநாதன் படம் எடுத்து மீன் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒருவர் பூரான் என்றார், ஒருவர் பாசி என்றார், இன்னொருவர் கும்பிடு மட்டும் போட்டார்.

"இன்னான்னே தெர்யாத கலீஜ வூட்ல வெச்சிகினு இருப்பாங்களா? நாளைக்கு பாறைய எட்த்து வெந்நி ஊத்திட்றேன்" என்றார்.

சாகப் போகிற உயிருக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மறையுரையில் சொன்னது நீங்கள்தான். நல்ல தண்ணீர் பட்டால் அது செத்துவிடும் என்பதால் தொட்டித் தண்ணீரையே மூன்று தரம் மொண்டு ஊற்றினேன். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நாள் என்பதால் அந்தோணி என்று பேர் வைத்தேன். பேர் வைத்த பிள்ளைக்கு வெந்நீர் ஊற்ற முடியுமா? ஓட்டை பின்பக்கம் போகும்படி பாறையைத் திருப்பி வைத்துவிட்டு, அவரிடம், நானே அதைப் பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன், இந்நேரம் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போயிருக்கும் என்றேன். அவர் நம்பினார்.

என் குரல் கேட்டால் அந்தோணி வெளியே வருவான். இந்த வீட்டில் அப்படி வருகிற ஒரே ஜீவன். அவனைப் பட்டினி போட எனக்கு மனசு வரவில்லை. காசிமேட்டு இறாலைத் துப்பிவிட்டான், உயிரோடு வேண்டுமாம். அதனால் வாரத்துக்கு ஒரு மீனைச் சின்ன வலையில் பிடித்து அவன் வாசலருகே கொண்டுபோய்க் காட்டினேன். நான் காட்டியதோடு சரி. சாப்பிட்டது அவன்.

செல்வநாதன் உடைந்துபோனார். காணாமல் போனதைக் காட்டித் தரச்சொல்லி அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினார். "எல்லாம் அந்தோணி கைலதான் கீது, கவலப்படாதீங்க" என்றேன். அதில் பொய் இல்லை. கடைசியில் மாடி வீட்டில் குடியிருக்கும் டென்னிஸ்தான் திருடியது என்று பழி போட்டார். இருபது வருஷத் தோஸ்து.

"மாமு, கலர் மீன எவனாச்சும் துன்னுவானா?" என்று டென்னிஸ் அழுதேவிட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

மனசு உறுத்துகிறது, ஃபாதர். ஐந்து மீனையும் கொடுத்தவள் நான்தான். டென்னிஸ் ஒரு பாவமும் அறியாதவன். ஆனால் இதை இவரிடம் சொன்னால் அந்தோணிக்கு வெந்நீர். அதனால் உங்களிடம் சொல்லிவிட்டேன், மனசு லேசாகிவிட்டது. இனி செய்ய மாட்டேன்.

சண்டை தீரட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் ஒரு ஜோடி புது மீன் வாங்கிவருகிறானாம். தங்கமான மனுஷன். கொஞ்சம் சதைப்பிடிப்பாகப் பார்த்து வாங்கி வா என்று சொல்லியிருக்கிறேன்.