இருபது என்று ஒட்டிய புட்டி

அளவு ஜாடியில் நீர்மட்டம் பார்க்கக் குனிய வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் நின்றபடியே பார்த்து ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். மமதா ஒவ்வொரு முறையும் குனிவாள். பதினெட்டு வருடமாக பெங்களூர் காக்ஸ் டவுனில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அப்படியொரு கவனமான பிள்ளை எனக்குக் கிடைத்ததில்லை. நீங்கள் விசாரிக்க வந்திருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதவில்லை.

போன ஜூனில் அவளுடைய அப்பா ஆதிகேசவன் அவளை என்னிடம் அழைத்துவந்தார்.

"நேஷனல் சயின்ஸ் காம்படிஷனுக்கு நீங்கதான் கைட் பண்ணணும், ஜூடித் மேடம். உங்க அளவுக்கு யாரும் இல்லன்னு சொன்னாங்க."

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆறு வருடம் முன்பு அதே போட்டியின் மாநிலச் சுற்றில் அவர் நடுவர். என் மகன் டேரில் கொண்டுபோன காற்றாலை மாதிரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மைக்கில், "இது பையன் செஞ்சது இல்ல. அம்மா டீச்சராச்சே," என்றார். அரங்கமே சிரித்தது. டேரில் அன்றோடு அறிவியலை விட்டான். இப்போது ஒரு பேக்கரியில் கேக்குக்கு க்ரீம் பூசுகிறான்.

"பண்ணலாம் சார்," என்றேன்.

தலைப்பையும் நானே கொடுத்தேன். ஜோகுபாளையத்து போர்வெல் தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு என்று பார்ப்பது. தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நிறம் வரும். அளவு தெரிந்த கரைசல்களின் நிறத்தோடு அதை ஒப்பிட்டு எண்ணைக் குறிக்க வேண்டும். அந்தக் கரைசல்களை நான் தயாரித்தேன். இருபது என்று ஒட்டிய புட்டியில் நாற்பது இருந்தது, நாற்பதில் எண்பது. ஆகவே அவள் குறித்த ஒவ்வோர் எண்ணும் உண்மை அளவில் பாதி. எட்டு மாதம், அறுபத்திரண்டு வீடு. சனிக்கிழமைகளில் என் வீட்டில்தான் சாப்பிடுவாள். அவளுக்குப் பிடிக்கும் என்று முட்டைக் குழம்பு வைப்பேன்.

லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராம் வரை இருந்தால் குடிக்கலாம். மமதா வீடு வீடாகப் போய், "உங்க தண்ணி நல்லாருக்கு ஆன்ட்டி," என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஷில்பா என்ற பெண் அதை நம்பி, கேன் தண்ணீரை நிறுத்திவிட்டு, நாலு மாதக் குழந்தைக்குப் பால்பவுடரை போர்வெல் தண்ணீரிலேயே கரைக்க ஆரம்பித்தாள். மமதா இதைச் சந்தோஷமாக வந்து சொன்னாள். நைட்ரேட் கைக்குழந்தையை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். அப்போது வாயைத் திறந்திருந்தால் புட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். இறுதிச் சுற்றுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

இறுதிச் சுற்று பெங்களூரிலேயே நடந்தது. நடுவர்கள் அதே தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்திருந்தார்கள். அவள் எண்கள் ஏன் பாதியாக இருக்கின்றன என்று மேடையில் நிறுத்திக் கேட்டபோது அவள் புட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். முந்தின நாளே அவற்றில் சரியான கரைசலை ஊற்றி வைத்திருந்தேன்.

"மிஸ்ஸைக் கேளுங்க சார். மிஸ் கூடவே இருந்தாங்க."

"ரீடிங் எல்லாம் அவளே எடுத்தது. நான் பாக்கல," என்றேன். என் கையில் மைக் இருந்தது.

இரண்டாவது வரிசையில் ஆதிகேசவன் எழுந்து நின்றார். எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார். அந்த முகத்தை நான் அவசரப்படாமல் பார்த்தேன்.

மறுநாள் மமதா என் வீட்டுக்கு வந்தாள். "நான் எங்கியோ தப்பா பாத்துட்டேன் மிஸ். என்னால உங்க பேரும் கெட்டுப்போச்சு. சாரி மிஸ்." பரவாயில்லை என்று சொல்லி அனுப்பினேன். அதன்பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை.

அதே வாரத்தில் ஷில்பாவின் குழந்தையை உதடு நீலம் பாய்ந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்னும் கண்விழிக்கவில்லை என்கிறார்கள். டாக்டர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், நீங்களும் வந்துவிட்டீர்கள். புட்டிகளை நிரப்பியது நான். மாற்றியது நான். எல்லாம் என் மகனுக்காக.

நேற்று பேக்கரிக்குப் போய் டேரிலிடம் இதையெல்லாம் சொன்னேன். க்ரீம் பையைக் கீழே வைத்துவிட்டு கையைத் துடைத்துக்கொண்டான்.

"மம்மி, அந்த சார் சொன்னது நெஜம்தானே. எல்லாம் நீதான் செஞ்ச. நான் பெயிண்ட் மட்டும்தான் அடிச்சேன்."

அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த வயதில் நடந்தது எதுவும் பிள்ளைகளுக்குச் சரியாக நினைவிருப்பதில்லை. மமதாவுக்கும் பன்னிரண்டுதான்.