சாயாத வண்டி

உங்கள் போலீஸ் ஜீப்பின் பின்பக்கத்தில் ஒரு சத்தம் வருகிறது, ஐயா. காலையில் என் தங்கையை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது வாசலில் நின்று கவனித்தேன். பள்ளத்தில் இறங்கும்போது ஒரு 'டக்', ஏறும்போது இன்னொரு 'டக்'. ஷாக் அப்சார்பரின் ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டது. ஓட்டுகிறவருக்குப் பழகிப்போயிருக்கும், அதனால் காதில் விழாது. பெரிய வேலை இல்லை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

அவள் பக்கத்து அறையில் இருக்கிறாள் என்று தெரியும். தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக உங்களிடமும் சொல்லியிருப்பாள். வீட்டில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அது சரியில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன். முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். எழுதுகிறவர் நிதானமாக எழுதட்டும், எனக்கு வேறு வேலை இல்லை.

நான் வண்டிகளின் அடிவயிற்றில் வேலை செய்கிறவன். இன்ஜின் பக்கம் போகமாட்டேன். ஸ்பிரிங், ஆக்சில், புஷ், அவ்வளவுதான். வண்டி குலுங்குகிறது, சாய்கிறது, ஒரு பக்கமாக இழுக்கிறது என்று வருகிறவர்களால்தான் என் அடுப்பு எரிகிறது. ஆடுகிற மாட்டை ஆடிக் கற, பாடுகிற மாட்டைப் பாடிக் கற என்பார்கள். வண்டியும் அப்படித்தான், அதன் போக்கைத் தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும்.

என் தங்கை பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன வயதிலேயே அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. கிரீஸ் கையைக் கழுவிவிட்டு வந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான். காய்ச்சல் வந்தால் பட்டறையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தது நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; வருகிறவள் இவளை எப்படி நடத்துவாளோ என்று இருந்தது. ஒன்று சொல்ல வேண்டும், அவளுக்கு வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளாது. வளைவில் வண்டி சாய்ந்தால் போதும், முகம் வெளுத்துவிடும், வாந்தி எடுப்பாள். அதனால் அவள் எங்கேயும் போனதில்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

மாப்பிள்ளைக்குச் செடி வியாபாரம். தெருவில் எல்லோரும் செடிக்காரர் என்பார்கள். நெட்டையான மனிதர், என் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார், குனியும்போதும் சிரித்துக்கொண்டே குனிவார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். எனக்கும் பிடிக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணமானதும் என் வீட்டு மாடியிலேயே குடிவைத்தேன். இரவு மூவரும் கீழே ஒன்றாகச் சாப்பிடுவோம். அப்படியே இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை.

அவர் பிக்கப்பில் தொட்டிகளையும் ஈர மண்ணையும் ஏற்றிக்கொண்டு, நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கிற விடுதிகளுக்குப் போவார். போகும்போது முழுப் பாரம், திரும்பும்போது காலி. வண்டி சாய்ந்தால் அவருக்குப் பயம். லேசாகச் சாய்ந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டுவான். மலைப்பாதையில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டினார் என்றால் அது அவர் கெட்டிக்காரத்தனம் இல்லை. சாய்வுதான் அவருக்கு வாத்தியார்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார், மலைக்கு அந்தப் பக்கம் நிலம் பேசியிருக்கிறாராம், கூடவே ஒரு வீடாம். மழைக்காலம் முடிந்ததும் அங்கேயே போய்விடுவதாக இருவரும் முடிவு செய்திருந்தார்கள். என்னைக் கேட்கவில்லை, தெரிவித்தார்கள்.

"நீங்களும் வந்துடுங்க மச்சான். ஒரு ஷெட் போட்டுத் தர்றேன். மலை ஏறுற வண்டியெல்லாம் உங்ககிட்டதான் வந்து நிக்கும்" என்றார்.

"இவ மலை ஏறமாட்டா மாப்பிள்ளை. ரெண்டாவது வளைவுலயே குடலைக் கக்கிடுவா."

என் தங்கை தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "வண்டி சாயலேன்னா எனக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்குப் பின்னாடி ஒரு கம்பி போடுவீங்களே அண்ணா, அதைப் போட்டுக் குடுங்க."

பட்டறையிலேயே வளர்ந்தவள், அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அந்தக் கம்பியை யானைத் தந்தம் என்று சொல்லி விளையாடுவாள். எனக்கு வருத்தமாக இருந்தது, ஐயா. வளர்த்த கையிடமே வழியனுப்பு என்று கேட்டால் யாருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும்.

கம்பி என்றால் வளைந்த எஃகுக் கம்பி. கடையில் ஸ்டெபிலைசர் பார் என்று கேட்டால் கொடுப்பார்கள். பின்பக்கம் ஒரு சக்கரத்தையும் மறு சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், ஒரு பக்கம் அமுங்கினாலும் வண்டி சாய விடாது. அந்த மாதிரி பிக்கப்பில் கம்பெனிக்காரன் முன்னால் மட்டும்தான் போட்டு அனுப்புகிறான். பாரம் இல்லாத பிக்கப்பின் பின்பக்கம் வெறும் தகரம், அதற்கு விறைப்பு ஆகாது என்று அவனுக்குத் தெரியும். வேண்டுகிறவர்கள் தனியாக வாங்கி மாட்டிக்கொள்வார்கள். நல்ல பொருள்தான். எத்தனையோ வண்டிகளுக்கு மாட்டியிருக்கிறேன், எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

மாட்டிய அன்று மாப்பிள்ளைதான் விளக்குப் பிடித்தார். புஷ்களுக்கு கிரீஸ் தடவினேன். ஆக்சிலைச் சுற்றி யூ போல்ட் போட்டேன். பிரேக் குழாயில் கம்பி உரசாமல் இடைவெளி விட்டேன். சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக்கூடாது, ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கி, எடை உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். அப்படித்தான் செய்தேன். உங்கள் வாகன ஆய்வாளர் விபத்துக்குப் பிறகு புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நட்டுகூடத் தளரவில்லை, சுத்தமான வேலை என்று எழுதியிருக்கிறாராம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

அவர் பார்க்காத இடம் துளை. கம்பியின் ஒவ்வொரு நுனியிலும் இரண்டு துளைகள் உண்டு. வெளித் துளையில் மாட்டினால் கம்பி இளக்கமாக இருக்கும். உள் துளையில் மாட்டினால் விறைப்பு. எப்போதும் பாரத்தோடு ஓடுகிற வண்டிக்கு உள் துளை, காலியாகவும் ஓடுகிற வண்டிக்கு வெளித் துளை. இந்தத் தொழிலில் இருக்கிறவன் தூக்கத்தில்கூடச் சொல்வான்.

"ரெண்டு ஓட்டை இருக்கே மச்சான், எதுக்கு?" என்று கேட்டார்.

"உங்க வண்டிக்கு இதுதான்" என்று உள் துளையில் மாட்டினேன்.

"நீங்க சொன்னா சரிதான்" என்றார். விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்தார்.

காலி வண்டியில் உள் துளை என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நேர் சாலையில் ஒன்றும் செய்யாது. காய்ந்த வளைவில் வண்டி ராஜா மாதிரி போகும். ஈரமான வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால், உள்பக்கச் சக்கரம் பிடியை இழக்கும், வெளிப்பக்கச் சக்கரம் அத்தனையையும் தாங்க முடியாமல் வழுக்கும். பின்பக்கம் முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு வரும். முன்கூட்டியே சாய்ந்து எச்சரித்திருக்க வேண்டிய வண்டி எச்சரிக்காது, ஏனென்றால் அதன் வாயைத்தான் கட்டியாயிற்றே.

பாரத்தோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். மாப்பிள்ளை குழந்தை மாதிரி சிரித்தார், கோந்து போட்டு ஒட்டின மாதிரி நிக்குதே என்றார். அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். "இனிமே வளைவுல பிரேக்குல கால் வைக்கவே தேவையில்லை மாப்பிள்ளை." அந்த வார்த்தைதான் உண்மையில் நான் மாட்டியது. கம்பியை யார் வேண்டுமானாலும் மாட்டலாம்.

மழைக்கு இன்னும் நாள் இருந்தது. நான் அவசரப்படவில்லை. அவர் மனம் மாறினால் வெளித் துளைக்கு மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர்கள் சாமான் கட்ட ஆரம்பித்தார்கள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விடுதியில் தொட்டிகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது, நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள வளைவில் வண்டி சுழன்று கல்சுவரில் மோதியது. அவர் உட்கார்ந்திருந்த பக்கம் மோதியது. ஆனால் அவர் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. வண்டி சாயாததால் என் தங்கைக்கு வாந்தி வரவில்லை. வாந்தி நின்றதும் பயமும் விட்டுப்போய், அந்தச் சில வாரங்களில் ஓட்டவே கற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நெற்றியில் ஒரு கீறல் மட்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கீழே பழைய அறைக்கே கூட்டிவந்தேன். அவளுடைய போர்வையை உதறிப் போட்டிருந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னாள். "அவரு சொன்னாரு, உங்க அண்ணனே சொல்லிட்டாரு, வளைவுல பிரேக்குல கால் வைக்கத் தேவையில்லைன்னு. அதான் நான் வைக்கலண்ணா. நான்தான் அவரைக் கொன்னுட்டேன்."

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். எல்லாம் விதி என்றேன். சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வீட்டுக்கு வந்திருந்தாள், ஐயா. கதவைத் திறந்தால் அவள் இருந்தாள். ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிட்டாள். மாடியில் கட்டிவைத்த சாமான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, பழைய இடத்தில் வைத்தேன். பல வருஷங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். அழுகிறவள் நாளடைவில் அழுகையை நிறுத்துவாள், அதுவரை நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா.

இன்று காலை நீங்கள் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனதால்தான் நானும் வந்தேன். கவனக்குறைவாக ஓட்டி உயிர்ச்சேதம் என்று அவளை உள்ளே வைத்தால் அந்த வீட்டில் யார் இருப்பார்கள். அவள் ஓட்டியதில் பிழை இல்லை. பிழையில்லாமல் ஓட்டினாலும் சுழலும்படி மாட்டியது நான். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். அவள் ஓட்டுகிறாள் என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியாது. யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் தானே ஓட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தி என்னை அசத்த வேண்டும் என்று இருவரும் ரகசியமாக வைத்திருந்தார்களாம். அவள் அழுதுகொண்டு சொல்லித்தான் தெரிந்தது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறைத்ததாக எழுதக்கூடாது. புதுக் கம்பி மாட்டினால் கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு நட்டுகளை மறுபடி ஒரு தரம் இறுக்க வேண்டும். மழைக்கு முன்பு ஒரு காலை, மாப்பிள்ளை மாடியிலிருந்து சாவியைத் தூக்கிப் போட்டார், வாசலில் நின்ற வண்டியை நானே எடுத்துப் போனேன். ஏறி உட்கார்ந்ததும் என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கை நன்றாக முன்னால் இழுத்திருந்தது. முதுகுப் பக்கம் ஒரு பச்சைத் தலையணை, மாடிக் கூடத்தில் கிடப்பது. கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. செடி இறக்குகிற ஆள் எவனாவது குட்டையாக இருப்பான், அவன் ஓட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

இருக்கையைப் பின்னால் தள்ளி ஓட்டிப்போய், நட்டுகளை இறுக்கினேன். துளையை மாற்றவில்லை. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்காக எதை நகர்த்தினாலும், வண்டியை வந்தபடியே வைத்துத்தான் ஒப்படைப்போம். அதில் நான் கறார். அன்றும் இருக்கையை முன்னால் இழுத்துவிட்டேன், தலையணையைத் தட்டி அதன் இடத்தில் வைத்தேன், கண்ணாடியை அவள் கண் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டு இறங்கினேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நான் சொன்னதெல்லாம் அந்த அறையில் கேட்டிருக்கும், சுவர் மெல்லியதுதான். என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொல்கிறாளாம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கோபம் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள், பசித்தால் வந்துவிடுவாள். கொஞ்சம் பொறுங்கள், வருவாள். அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.