மாடனின் பீரங்கி

புதுச் சாமானைப் பிரிக்காமல் வைத்திருக்கிறவர்களின் புத்தி எனக்கு எப்போதுமே பிடிபட்டதில்லை, சார். எங்கள் ஸ்ரீவராகத்தில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. டிவி வாங்கி வருஷக்கணக்காகியும் ரிமோட்டின் மேல் கண்ணாடித்தாள் அப்படியே இருக்கும். சோபாவுக்குப் போட்ட பாலிதீன் உறை வெயில் காலத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். உபயோகிக்கத்தானே வாங்குகிறோம். இதைத்தான் நான் வினீத்திடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் மலையாளத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. வாசித்துக் காட்டினால் கையெழுத்துப் போடுகிறேன்.

பெயர் அழகியநம்பி. பூர்வீகம் நாஞ்சில்நாடு. வங்கியில் குமாஸ்தாவாக இருந்தேன். விருப்ப ஓய்வு கொடுத்தபோது வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி ஆதிரா பள்ளிக்கூட டீச்சர். வினீத் அவளுடைய தம்பி, டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா அம்மா காலமான பிறகு எங்களோடுதான் இருந்தான். கம்பெனியில் அவனை ஒரு வருஷம் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வருகிறவர்கள் சாக்லேட் கொண்டுவருவார்கள். இவன் ஒரு சூட்கேஸ் நிறையப் பொம்மைப் படைவீரர்களைக் கொண்டுவந்தான்.

பொம்மை என்றால் குழந்தைகள் விளையாடுவதில்லை. கட்டைவிரல் உயரத்தில் பூதங்கள், எலும்புக்கூட்டுச் சேனை, இறக்கை முளைத்த பல்லிகள். தலை வேறு, கை வேறு, வாள் வேறு என்று ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்து வரும். வெட்டி எடுத்து, பசை போட்டு ஒட்டி, வண்ணம் தீட்டி, மேஜைமேல் அணிவகுத்துப் பகடை உருட்டிப் போர் நடத்துவார்கள். நன்றாகப் படித்து வேலையில் இருக்கிற ஆட்கள் ஆடுவது. முதல் பெட்டியை வினீத்தே பிரித்து எனக்குச் சொல்லிக்கொடுத்தான். "அத்தானுக்கு நல்ல கையாக்கும்" என்று ஆதிராவிடம் சொன்னான். எங்களுக்குள் முன்விரோதம் ஏதும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பெட்டியின் மேல் ஒரு படம் போட்டிருக்கும். அதேபோல ஒட்டி முடித்தால் அவனுக்குத் திருப்தி. எனக்கு அது போதவில்லை. இங்கிலாந்துக்காரன் சொன்னபடி ஒட்டுவதற்கு நான் எதற்கு? ஒரு ராட்சதனின் உடம்பில் காட்டுமனிதனின் தலையை வைத்தேன். எம்-சீல் பிசைந்து மீசை பிடித்தேன். மூன்றாவது ஒருவனின் கோடாலியை அரிவாளாக அராவிக் கையில் கொடுத்தேன். சுடலைமாடன் எழுந்து நின்றான். ஒரு வனதேவதையின் முதுகில் பல்லியின் இறக்கையை ஒட்டியதும் அவள் யட்சியானாள். வினீத் அவளை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். பெங்களூரில் இருந்த கூட்டாளிகளுக்கு போட்டோ எடுத்து அனுப்பினான்.

ஒரு யட்சி வேண்டுமானால் வேறு சிலர் கெட்டுப்போவார்கள். அதை யாரும் யோசிப்பதில்லை. இறக்கை போன பல்லி கிடக்கும், தலை போன காட்டுமனிதன் கிடப்பான். நான் அவர்களைத் தூக்கி எறிகிறவன் இல்லை. எல்லாரையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன்.

லண்டனிலிருந்து யாராவது வரும்போதெல்லாம் புதுப் பெட்டிகள் வந்தன. பெங்களூரில் நடக்கவிருந்த ஒரு போட்டிக்காக வினீத் ஒரே ஜாதிச் சேனையாகச் சேர்த்துக்கொண்டிருந்தான். ஒன்றையும் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி வைத்தான். அவன் ஆபீசுக்கும் ஆதிரா பள்ளிக்கும் போன பிறகு வீட்டில் நானும் அந்தப் பெட்டிகளும்தான். அடிப்பக்கத்தை ஆவியில் காட்டினால் பசை இளகிக் கிழியாமல் திறக்கும். நான் முழுசாக எதையும் எடுத்ததில்லை. இதில் ஒரு தலை, அதில் ஒரு கை. திரும்ப ஒட்டி வைத்தால் புதுசு போலவே இருக்கும்.

அவன் பிரித்துப் பார்த்த அன்று சத்தம் போடவில்லை. சட்டங்களை மேஜைமேல் பரப்பிவைத்து, "அத்தான், இதில ஒருத்தனுக்கும் தலை இல்ல" என்றான்.

"தலைதான் எனக்கு வேண்டியிருந்தது" என்றேன்.

"இது பொட்டிக்காத்த பெட்டியாக்கும், சீல் பிரிக்காதது. எத்தனை மாசமா நான் சேத்து வச்சது. உங்களுக்கு மனசிலாகல்லியா?"

எனக்கு மனசிலானதைச் சொன்னேன். பெட்டிக்குள் கிடந்தவரை அவர்கள் வெறும் பிளாஸ்டிக் என்றும், என் கைக்கு வந்த பிறகுதான் உருப்பட்டார்கள் என்றும் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆதிரா, "அவனுக்க சாமான நீங்க இனி தொடண்டாம்" என்றாள். மறுநாள் அலமாரியில் ஒரு பூட்டு தொங்கியது. கதவு என்றால் கீல் இருக்கும், கீலில் திருகாணி இருக்கும். பூட்டைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது தடவை அவன் பொறுமையாகப் பேசவில்லை. நாங்கள் மூன்று பேரும் அடுக்களையில் இருந்தோம். "நீங்க ஒண்ணும் உண்டாக்கல்ல, அத்தான்" என்றான். "கொன்னு கூட்டி ஒட்டுதிய. அவ்வளவுதான்." ஆதிரா குனிந்து தோசையைத் திருப்பினாள். எனக்கு அதில் வருத்தம் ஏதுமில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தேன்.

ஆபீசுக்குப் பக்கத்தில், கழக்கூட்டத்தில், ஒரு பிளாட் பார்த்திருப்பதாக அடுத்த வாரம் சொன்னான். சேனை மொத்தத்தையும் கொண்டுபோவதாகச் சொன்னான்.

"மாடனையும் யட்சியையும் கூடவா?" என்று கேட்டேன்.

"அதும் எனக்க பிளாஸ்டிக்தானே, அத்தான்."

அப்போது நான் மாடனுக்கு ஒரு தேர் செய்துகொண்டிருந்தேன், பீரங்கி பூட்டிய தேர். சக்கரம், சட்டம் எல்லாம் முடிந்துவிட்டது. குழல் மட்டும்தான் அமையவில்லை.

வினீத்துக்குச் சின்ன வயசு முதல் இளைப்பு உண்டு. என் பசை வாடையும் பெயிண்ட் வாடையும் அவனுக்கு ஆகாது. நான் வேலை செய்யும்போது முற்றத்துக்குப் போய் நிற்பான். இன்ஹேலருக்குள் ஒரு அலுமினியக் குப்பி இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். காலியான குப்பிகளை முன்பெல்லாம் அவனே எனக்குக் கொடுத்திருக்கிறான். எலும்புக்கூடுகளுக்கு எண்ணெய்ப் பீப்பாய் செய்து கொடுத்தேன், சிரித்தான். ஆனால் அவை நெளிந்தவை. பீரங்கிக்கு நெளியாத குழல் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆதிரா ஒரு கல்யாணத்துக்காக விடியும் முன்பே நாகர்கோவில் போய்விட்டாள். சாயங்காலம் வினீத்தின் சாமான்களுக்கு வண்டி வருவதாக இருந்தது. நல்ல மழை. அவன் மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். கீழே சாப்பாட்டு மேஜைமேல் புது இன்ஹேலர் இருந்தது. முந்தின நாள் ஆதிரா பழவங்காடி மருந்துக்கடையில் வாங்கிவந்தது. குப்பியை உருவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. உள்ளே மருந்து இருக்கும்போது அறுத்தால் வெடித்துவிடும். அதனால் என் அறை ஜன்னலோரம் உட்கார்ந்து அமுக்கி அமுக்கித் தீர்த்தேன். லேசில் தீராது, சார். கட்டைவிரல் மரத்துப்போயிற்று.

ஒரு பீரங்கிக்கு ஒரு குழல் போதாதா என்று கேட்பீர்கள். நான் இரட்டைக் குழலாகத்தான் நினைத்திருந்தேன். அவன் ஆபீஸ் பையில் ஒன்று இருப்பது தெரியும். பையோடு என் அறைக்குக் கொண்டுவந்தேன். அவன் மொபைலும் அதில்தான் இருந்தது. அது எனக்கு வேண்டாத சாமான், பையோடு வந்தது. குளியலறை அலமாரியில் இருந்ததை ஏன் எடுத்தேன் என்று நேற்றே கேட்டீர்கள். அறுக்கும்போது ஒன்று பிசகினால் மாற்று வேண்டாமா? அவற்றையும் முதலாவதைப் போலவே தீர்த்தேன்.

பிறகு மாடனுக்குக் கறுப்பு ஸ்பிரே அடித்தேன். வழக்கமாகப் பின்முற்றத்தில் வைத்து அடிப்பேன். மழையானதால் ஹாலில் அடித்தேன். ஈரப் பெயிண்டில் காற்றுப் பட்டால் தூசி ஒட்டும் என்பதால் ஜன்னல்களை அடைத்தேன். டின் தீரும்வரை அடித்தேன். முன்வாசல் கிரில் எப்போதும் பூட்டித்தான் இருக்கும், திருட்டுப் பயம். சாவி என் மடியில் இருந்தது. பின்கதவு மழைக்கு உப்பிக்கொள்ளும், திறக்க நல்ல பலம் வேண்டும். நான் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வேலையில் உட்கார்ந்தேன்.

அவன் இறங்கி வருவது கேட்டது. இருமினான். மேஜை டிராயர்கள் திறந்தன. குளியலறையில் ஏதோ கீழே விழுந்தது. மறுபடியும் மாடி ஏறினான், பாதியிலேயே இறங்கிவிட்டான். கிரில்லைப் பிடித்து ஆட்டினான். பிறகு என் கதவை உள்ளங்கையால் தட்டினான். முதலில் பலமாகத்தான் தட்டினான். அந்தச் சமயத்தில் நான் குழல்களுக்குப் பசை போட்டுச் சட்டத்தில் அழுத்திப் பிடித்திருந்தேன். பிடியை விட்டால் சாய்ந்து ஒட்டிவிடும். அப்புறம் தட்டுவது கதவின் கீழ்ப்பக்கத்தில் கேட்டது. பிறகு கேட்கவில்லை. குழலின் வாய்க்குச் சிவப்புக் கோடு ஒன்று பாக்கியிருந்தது, அதையும் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். வெளியே தள்ளித் திறக்கச் சிரமமாக இருந்தது, அவன் அதன்மேல்தான் சாய்ந்திருந்தான்.

ஆதிரா வந்து அழுததையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் இளைப்பு முற்றிவிட்டது என்றுதான் பேசினார்கள். மூன்றாம் நாள் அவள் என் மேஜையருகில் வந்து பீரங்கியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். குழலின் அடியில் கம்பெனி அச்சடித்த தேதியை நான் அராவாமல் விட்டிருந்தேன். "இது நான் பழவங்காடியில வாங்கினதாக்கும்" என்றாள். நல்ல புடவைகூட மாற்றாமல் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

கொலை என்று எழுதப்போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். மூன்று இன்ஹேலரையும் எடுத்தது நான். மருந்தைக் காற்றில் விட்டதும் ஜன்னலை அடைத்ததும் நான். அவன் கதவைத் தட்டும்போது அவனுக்கு என்ன வேண்டும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று, சார். அவ்வளவு நேரம் தட்டினானே, இன்னது வேண்டும் என்று வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.