ஒற்றைக்கால் கொக்கின் இடக்கை

சாமினி: கதவைச் சாத்தாதேங்கோ. அப்பா இங்கதான் பாத்துக்கொண்டிருக்கிறார்.

கிருபா: சாத்தேல்லை… ஏசி வெளிய போகுது எண்டு கொஞ்சம்… சரி, திறந்தே கிடக்கட்டும். இருங்கோவன்.

சாமினி: இருக்கிறது பிறகு. முதல் அந்தக் கண்ணாடி அலுமாரியைத் திறக்கிறீங்களா?

கிருபா: எதுக்கு… ஓ! கொக்கா?

சாமினி: கொக்கா? சூப்பர் ஹீரோ, கொக்கு மனிசன், ஸ்டீல் ஹெரன் எண்டு சொல்லுங்கோ. முதல் படம் வந்த நேரம் விட்ட செட்தானே?

கிருபா: ஐயோ, உங்களுக்குத் தெரியுமா? இந்த வீட்டில அதுக்குப் பேர் கொக்குப் பொம்மை.

அம்மா: தம்பி! பிள்ளைக்கு அந்தப் பொம்மையளைக் காட்டி வெருட்டாதை! கலியாணக் கதை கதைக்கத்தான் ரெண்டு பேரையும் உங்கை விட்டது!

கிருபா: ஓம் அம்மா, அதைத்தான் கதைக்கிறம்!

சாமினி: பாவம் அன்ரி. நான் வந்து இறங்கினவுடன வாசல்லயே முழிச்சவ. மாப்பிள்ளை வீடு பாக்கப் பொம்பிளையே வாறதை இப்பதான் காணுறாவாம்.

கிருபா: எனக்கும் ஆச்சரியந்தான். ஏன் வந்தனீங்க?

சாமினி: ஒளிக்காமச் சொல்லவா? கொக்கைப் பாக்க.

கிருபா: என்னை இல்லையா?

சாமினி: இல்லை. கீழ போய்க் கார்ல ஏறினவுடன அப்பா ஓமா இல்லையா எண்டு கேப்பார். இல்லை எண்டு சொல்லுற யோசனையிலதான் இருக்கிறன். கோவிக்காதேங்கோ.

கிருபா: …ம். நல்லது. முகத்துக்கு நேர சொல்லிட்டீங்க. கொக்கையாவது வடிவாப் பாருங்கோ… பொறுங்கோ, பொறுங்கோ! வடை சாப்பிட்ட கை! இந்தாங்கோ, துடையுங்கோ.

சாமினி: துடைச்சாச்சு. மணந்தும் பாக்கப்போறீங்களா?

கிருபா: இடுப்பில பிடியுங்கோ. செட்டையில பிடிக்காதேங்கோ.

சாமினி: எனக்குத் தெரியும்… அடேயப்பா! முழங்கால் டிக் டிக் எண்டு நிக்குது, கேட்டீங்களா? வெள்ளவத்தைக் கடல் காத்துக்கு உள்ளுக்குள்ள ஆணியெல்லாம் கறள் பிடிச்சிருக்கும் எண்டு பயந்துகொண்டு வந்தனான்.

கிருபா: தட்டைப் பாருங்கோ. மருந்துப் போத்தலுக்குள்ள ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பக்கற் வருமே… சொந்தக்காரர் எல்லாரிட்டையும் கேட்டுச் சேர்த்தது. என்னைப் பைத்தியம் எண்டே முடிவுகட்டிட்டினம்.

சாமினி: சரியான பைத்தியந்தான். கண்ணைப் பாருங்கோ, பெயின்ட் ஒரு பொட்டு வழியேல்லை. இந்தச் செட்டில கனக்கக் கொக்குக்கு மாறுகண்.

கிருபா: ஓம்! அதுதான் சிலர் வாங்கினவுடன திருப்பிக் குடுத்தவை.

சாமினி: செட்டையில ஒவ்வொரு இறகுக்கும் தனித் தையல்… அலகு நுனி ஒடியேல்லை… பாதத்தில முத்திரை இருக்கு. எவ்வளவு வடிவா வச்சிருக்கிறீங்க!

கிருபா: படத்தில துறைமுகத்துக் கிரேன் உச்சியில ஒற்றைக் கால்ல நிப்பானே, அந்த நிலை. அதுக்காகவே…

சாமினி: எல்லாம் சரி. இடக்கை மட்டும் ஒரிஜினல் இல்லை. உங்களுக்குத் தெரியாதா?

கிருபா: தெரியும். நீங்கள் எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்க?

சாமினி: இது பொம்மை பிளாஸ்ரிக் இல்லை. பொய்ப்பல்லுச் செய்யிற சாமான்.

அம்மா: பல் டொக்டருக்குத் தெரியாமல் இருக்குமா தம்பி!

சாமினி: டொக்டரா? ஆர் சொன்னது?

கிருபா: மெல்ல… புரோக்கர்தான் அம்மாட்டை அப்பிடிச் சொன்னவர்.

சாமினி: இங்க பாருங்கோ, நான் டொக்டர் இல்லை. கொட்டாஞ்சேனையில ஒரு லேப்பில பல்லுச் செய்யிறவள். போன முறை என்னைப் பொம்பிளை பாக்க வந்தவையும் டொக்டர் எண்டு நினைச்சுத்தான் வந்தவை. உண்மை தெரிஞ்சவுடன, கலியாணத்துக்குப் பிறகு உந்த வேலை வேண்டாம் எண்டவை. நான் விடமாட்டன். அதாலதான் அது குழம்பினது.

கிருபா: அம்மாவுக்கு நான் விளங்கப்படுத்துறன். ஏன் விடவேணும்?

சாமினி: எல்லாரும் முதல் அப்பிடித்தான் சொல்லுறவை… சரி, ஒரு சாமான் காட்டவா? இந்தப் பஞ்சைப் பிரியுங்கோ.

கிருபா: இது… ஒரிஜினல் கை!

சாமினி: ஓம். உங்களுக்குக் கொக்கை வித்த மெல்ரோயை எனக்குத் தெரியும். துலைஞ்ச கை பிறகு அவற்ற சோபாவுக்குள்ள இருந்து அம்பிட்டது. மாட்டுங்கோ. உங்கட கொக்கு முழுசாகிடும். உந்தப் பல்லுக் கையைத் தாங்கோ, எறிஞ்சுவிடுறன்.

கிருபா: வேண்டாம்.

சாமினி: என்ன வேண்டாம்? பொம்மை சேர்க்கிறவை ஒரிஜினல் எண்டா உயிரை விடுவினம்!

கிருபா: விடட்டும். ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ. கம்பனி செய்த கைக்கு நகமே இல்லை. இதில நகம் இருக்கு, ரேகை இருக்கு, சின்ன விரல் கொஞ்சம் உள்ளுக்கு மடிஞ்சிருக்கு. கொக்கு விழப்போற மாதிரி ஒரு பயம் இந்தக் கையிலதான் இருக்கு. ஒரு பொய்க்கைக்கு ஆர் இவ்வளவு பாடுபடுவினம்?

சாமினி: …ஆர் செய்தது எண்டு மெல்ரோய் சொல்லேல்லையா?

கிருபா: அது… இல்லை. ஆர் செய்திருந்தாலும் நான் மாத்தமாட்டன்.

சாமினி: ஐயோ, தண்டவாளத்தில கோச்சி வருது! அலுமாரி எல்லாம் ஆடுது! தட்டில வச்சிட்டீங்களே, பிடியுங்கோ, விழப்போகுது!

கிருபா: பிடியாதேங்கோ.

சாமினி: ஒற்றைக் கால்ல நிக்குது, கிருபா!

கிருபா: கையை எடுங்கோ. சும்மா பாருங்கோ.

சாமினி: எடுத்திட்டன்… ஐயோ, ஆடுது!

கிருபா: கோச்சி போயிட்டுது. பாத்தீங்களா? மற்றதெல்லாம் சரிஞ்சிட்டுது. கொக்கு நிக்குது. ஒரிஜினல் கையோட மெல்ரோய் இதை நைலோன் நூலாலதான் கட்டி வச்சிருந்தவர்.

சாமினி: வலப்பக்கச் செட்டை பாரம் எல்லோ. அதுக்கு ஈடாத்தான் இந்தக் கைக்குள்ள ஒரு கம்பித் துண்டு வச்சது… வச்சிருப்பினம்.

கிருபா: ஆர்?

சாமினி: செய்தவை.

கிருபா: கெட்டிக்காரர். நான் ஒவ்வொரு நாளும் அவையை நினைக்கிறனான்.

அம்மா: பிள்ளை! அப்பா வெளிக்கிடுவமாம். தேத்தண்ணியும் ஆறிப்போச்சு!

சாமினி: இந்தா வாறன் அன்ரி!… கிருபா, அந்த ஒரிஜினல் கை உங்களிட்டையே இருக்கட்டும். அப்பாட்டை நான் ஓம் எண்டு சொல்லப்போறன்.

கிருபா: …உண்மையாவா?

சாமினி: சிரிக்காதேங்கோ, எல்லாரும் பாக்கினம். அதுக்கு முதல் ஒண்டு சொல்லவேணும், பிறகு ஏமாத்திப்போட்டன் எண்டு நினைக்கக்கூடாது. புரோக்கர் தந்த படத்தில நான் உங்கட முகத்தைப் பாக்கவே இல்லை. பின்னால அலுமாரிக்குள்ள இந்தக் கையைத்தான் கண்டனான். இதை நான்தான் செய்தது. என்ர இடக்கையைப் பாத்துச் செய்தது. எறிஞ்சிட்டு ஒரிஜினலை மாட்டுவீங்களோ எண்டு பாக்கத்தான் வந்தனான்.

கிருபா: தெரியும் சாமினி. மெல்ரோயிட்டை உங்கட பேரைக் கேட்டு எடுத்து, புரோக்கரை உங்கட வீட்டுக்கு அனுப்பினதே நான்தான். இல்லாட்டி ஆராவது பொம்மை அலுமாரிக்கு முன்னால நிண்டு புரோக்கருக்குக் குடுக்கிற படம் எடுப்பினமா?