சுளுக்கு துரைக்கு

யுத்த காலத்தில் ஒருநாள், விழுப்புரம் பாசஞ்சர் திண்டிவனம் தாண்டியதும், எதிரே மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "சுளுக்கு துரைக்கு. நொண்டினது நானு."

மெட்ராஸில் கோல்ஃப் ஆடும் வெள்ளைக்காரர் ஒருவருக்கு ஒரு காலத்தில் மட்டைப் பை தூக்கியவராம்.

"நீ ஏன்யா நொண்டின?" என்றார் கூட வந்தவர்.

"பெரிய பந்தயம். அவரு நொண்டறது தெரிஞ்சா எதிராளிக்குத் தெம்பு வந்துடும். அதான் நான் நொண்டிக்கினே முன்னால போனேன். எல்லாரும் என்னியே பாத்தாங்க."

"ஜெயிச்சாரா?"

"எங்க! தோத்துட்டாரு. முடிஞ்சதும் அவருக்கு நாற்காலி போட்டாங்க. 'இவனுக்குத்தான் கால் வலி'ன்னு என்னை உக்கார வெச்சிட்டாரு."

மடியிலிருந்த கடலைத் தொலியைத் தட்டினார்.

"துரைங்க எதிர்ல நான் உக்காந்தது அந்த ஒரு தடவதான். அவரு சுளுக்குக் காலோட நின்னுக்கினே இருந்தாரு."