சுரங்கத்தை அடைத்தவர், பெயரைச் சொல்லாதவர்

"ஆரெண்டு சொல்லுங்கோ அக்கா. பேர் எனக்கு இப்பவே வேணும்."

"பேர் வராது சேர். சுரங்கத்தை அடைச்சாச்சு. அது காணும்."

"கண்டுபிடிக்கிறதுதானே உங்கடை வேலை?"

"கண்டுபிடிச்சு அடைக்கிறதுதான் என்ரை வேலை. ஊருக்குச் சொல்லுறதுக்கு வெளியிலை வேறை ஆக்கள் நிக்கினம்."

மனேச்சர் சண்முகநாதனின் கண்ணாடி அறைக் கதவோரம், படிவம் அடுக்குவதுபோல் நின்று அதைக் கேட்ட அந்த வேறு ஆட்களாகிய நாங்கள் ஒப்பமிட்டு வாசிக்கும் பிரியாவிடை மடல் இது.

கம்பிவழி வந்த கள்ளங்களைக் கண்ணயராது காத்தவரே, நெல்லியடிக் கடலுணவு ஏற்றுமதிக் கந்தோரின் நெடுங்காவலே, இருபத்துமூன்று ஆண்டுகள் எல்லாம் அறிந்தும் ஏதும் அறியாதவர்போல் எம்மோடிருந்து தேநீர் அருந்திய குணலட்சுமி அக்கா அவர்களே, வணக்கம். தங்கள் கதையைத் தங்கள் முன்னிலையிலேயே பிறர் கதைபோலச் சொல்வதைப் பொறுத்தருள்க. எங்களுக்கு அப்படிச் சொல்லித்தான் பழக்கம்.

கணினி வலையமைப்பு அவர் கைக்கு வந்த நாள்முதல் இங்கே இணையத்துக்குத் தோண்டப்பட்ட சுரங்கவழிகள் கொஞ்சமல்ல. கந்தோரின் தடுப்பை ஏமாற்றிக் கிரிக்கெற் பார்க்க ஒன்று, நாடகம் பார்க்க ஒன்று, கனடாவிலுள்ள மச்சாளோடு கதைக்க ஒன்று. எல்லாவற்றையும் அக்கா அடைத்தார். அடைத்த மறுநாள் உரியவரின் மேசையடிக்கு வந்து, "வீட்டிலை எல்லாரும் சுகமோ?" என்று கேட்பார். அவ்வளவுதான். கேட்கப்பட்டவருக்கு மின்விசிறிக்குக் கீழேயே வியர்க்கும்.

சந்நிதி கோவில் தேர்த் திருவிழாவுக்கு மறுநாள் காலை அவர் பதிவேட்டைத் திறந்தார். கந்தோர் பூட்டியிருந்த நாளில் எல்லாக் கணினிகளும் உறங்க, ஒன்று மட்டும் அரை நிமிடத்துக்கொருமுறை வெளியே ஒரு வீட்டுக் கணினிக்கு 'இருக்கிறேன்' என்று குரல் கொடுத்திருந்தது. பத்திரப் பிரிவு வாகீசனின் கணினி. தேருக்குப் போகும் அவசரத்தில், தன் வீட்டுக் கணினி வழியாக வெளியே போகும் சுரங்கத்தை மூட மறந்துவிட்டான். அந்த வழியால் வீட்டுக் கணினியின் வைரஸ் நுழைந்து, ஏற்றுமதிச் சான்றிதழ்கள் இருந்த கணினியைத் தட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒருநாள் போயிருந்தால் எங்கள் பத்திரங்கள் அத்தனைக்கும் யாரோ ஒருவன் பணம் கேட்டுப் பூட்டுப் போட்டிருப்பான்.

அடைத்தபின் அக்கா அந்தக் கணினியையும் பார்த்தார். பத்து மாதமாக அந்தச் சுரங்கத்தால் போனது ஒரே குரல். அது கொழும்புக் கிளையிலிருக்கும் ஜெசிதாவுக்கு. அவள் எங்கள் குளிரறைப் பொறுப்பாளர் அடைக்கலநாதனின் மகள். அவர்கள் தேவாலயத்துக்குப் போகும் வேதக்காரர், இவன் சைவம். இரண்டு வீட்டுக்கும் தெரியாது. பெயர் மனேச்சரிடம் போனால் விசாரணை வரும், விசாரணை வந்தால் எங்கள் காதுக்கு வரும், எங்கள் காதுக்கு வந்தால் பின்னேரத்துக்குள் இரண்டு வீட்டுக்கும் போய்ச் சேரும். அவன் வேலையும் போகும். அக்கா எங்களை நன்றாக அறிந்தவர்.

அதனால்தான் கண்ணாடி அறைக்குள் அவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கோ சேர். அவராவே வந்து சொல்லுவார். இல்லாட்டி என்ரை விலகல் கடிதத்தை வாங்குங்கோ. சாப்பிடுற இடத்திலை, கந்தோர் கணினியளோடை ஒட்டாத தனி வைபையும் ஒண்டு போட்டுத் தாங்கோ. வழி இருந்தா ஏன் தோண்டப் போகினம்?"

பிறகு வாகீசனின் மேசையடிக்கு வந்தார். "வீட்டிலை எல்லாரும் சுகமோ?" இம்முறை இன்னொன்றும் சொன்னார். "வெள்ளிக்கிழமை மனேச்சர் வெள்ளனவே வருவார்."

வெள்ளிக்கிழமை அவன் தானாகவே உள்ளே போய், எச்சரிக்கைக் கடிதத்தோடு வெளியே வந்தான். வைபையும் வந்தது, சுரங்கங்கள் நின்றன. எதற்காகத் தோண்டினான் என்று ஒரு மாதம் துருவினோம். எங்கள் திறமைக்கு அப்படியொரு தோல்வி அதற்குமுன் நேர்ந்ததில்லை.

இரண்டு ஆண்டின்பின், வீட்டாருக்குத் தாங்களே சொல்லிச் சம்மதம் பெற்று, வாகீசனும் ஜெசிதாவும் மணம்முடித்தார்கள். விருந்தில் வாகீசனே சுரங்கக் கதையை அவிழ்க்க, அக்காவைச் சூழ்ந்துகொண்டு, "உங்களுக்கு முந்தியே தெரியுமோ?" என்றோம்.

"எனக்கென்ன தெரியும்? கேக் நல்லாயிருக்கு, எடுங்கோ."

மணமக்கள் இப்போது நீர்கொழும்பில். அக்காவும் வருகிற மாதம் மகளோடிருக்க வவுனியா போகிறார். எங்கள் எல்லோரின் இரகசியங்களும் அவரோடு பஸ் ஏறுகின்றன. இவ்வளவு பத்திரமாக அவை எங்களிடம் ஒருநாளும் இருந்ததில்லை. அக்கா, அவற்றின் பொருட்டாவது தாங்கள் நோயின்றி நெடுநாள் வாழவேண்டும்.

இங்ஙனம்,
தங்களால் சுகம் விசாரிக்கப்பட்ட கந்தோர் ஊழியர்கள்,
நெல்லியடி.