இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

இரவு மணி பதினொன்று இருபது. ஏரிக்கரைச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மூடிக் கிடக்கும் செங்கல் சூளைகள். நான்கு கிலோமீட்டருக்கு ஒரு விளக்கு இல்லை, ஒரு வீடு இல்லை, கைகாட்டி நிறுத்த ஓர் ஆள் இல்லை. அந்தச் சாலையில் ஒரு சிறிய கார் வந்துகொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர் ஒரு பெண். பக்கத்தில் அவர் கணவர்...

இருங்கள். மெழுகுவத்தியைக் கொஞ்சம் நடுவில் தள்ளுங்கள். மழை விடுகிற வரை எவரும் வீட்டுக்குப் போகப் போவதில்லை, மின்சாரமும் வருவதாக இல்லை. நம் அச்சகத்து நண்பர் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு மட்டும் ஏன் வருவதே இல்லை என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். பேய் என்ற சொல்லை நான் பயன்படுத்தப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். என்ன பெயர் வைப்பது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.

அந்தப் பெண் நண்பருடைய அக்கா. மருத்துவமனையில், ரத்த வங்கியில் வேலை; பணி முடிந்து திரும்ப இரவு பதினொன்றைத் தாண்டிவிடும். மூன்றாண்டுகளுக்கு முன் முதுகில் ஓர் அறுவை சிகிச்சை. பிழைத்தார். ஆனால் இடது கால், முழங்காலுக்குக் கீழே, மரத்துவிட்டது. இலேசாக அல்ல, முழுக்க. ஊசியால் குத்தினாலும் தெரியாது. கொதிநீர் பட்டாலும் தெரியாது. அதுவரை தாமே கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தவர். கிளட்சை அழுத்த இடது கால் வேண்டும். அது போயிற்று, அதனோடு அவர் விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையும் போயிற்று.

கணவர் நல்லவர். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடையை அடைத்துவிட்டு மனைவியை அழைக்கப் போவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் நண்பர்களே, அன்பாகப் பூட்டினாலும் பூட்டு பூட்டுதானே?

"மூணு வருஷமா உங்க கடை கடிகாரத்துலதான் என் பொழுது விடியுது, அடையுது. என் டயம்னு எனக்கு ஒண்ணு வேணும்ங்க," என்றாராம் அக்கா.

அப்படித்தான் கார் தேடப் புறப்பட்டார்கள். புதிது வாங்க வசதி இல்லை. பழையது, சிறியது, தானாகக் கியர் மாற்றிக்கொள்வது. ஊரோரத்தில் பழைய கார் விற்பவர் ஒருவரிடம் கிடைத்தது. ஐந்து வயது வண்டி, சாம்பல் நிறம், ஒரே உடைமையாளர். நண்பர் தமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

மெக்கானிக் விவரம் தெரிந்தவர். இந்த வகைக் கியர்பெட்டியைப் பழையதாக வாங்கும்போது எங்கெங்கே பார்க்க வேண்டுமோ அங்கெல்லாம் பார்த்தார். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே எடுத்தார். நெரிசலில் ஊர்ந்து போகச் சொல்லி, முதல் கியரில் நடுக்கம் இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். மேட்டில் நிறுத்தி எடுத்தார். பின்னால் எடுத்தார். சர்வீஸ் புத்தகத்தில் ஒவ்வொரு முத்திரையையும் படித்தார்.

"இதுல ரெண்டு கிளட்ச் இருக்குக்கா," என்று விளக்கினார். "ஒண்ணு, மூணு, அஞ்சாம் கியருக்கு ஒரு கிளட்ச். ரெண்டு, நாலு, ஆறுக்கு இன்னொண்ணு. ஒண்ணு வேலை செய்யறப்ப மத்தது அடுத்த கியரைத் தயாரா பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கும். அழுத்தறதுக்குப் பெடலே கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கும்."

"அப்போ என் இடது கால்?"

"அதுக்கு இங்க வேலையே இல்லக்கா. ரிட்டயர்மெண்ட் குடுத்துடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஓட்டுநர் இருக்கையின் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடி அளவு கீறலையும் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. தரைவிரிப்பில், இடது பக்கம், வேறு கார்களில் கிளட்ச் பெடல் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, ஒரு தேய்வு. அரைவட்டம். நடுவில் மூன்று கோடுகள். ஒரு காலணியின் குதிகால் ஆண்டுக் கணக்கில் ஊன்றி ஊன்றி உண்டாக்கிய பள்ளம்.

"பெடலே இல்லாத வண்டியில இங்க ஏங்க தேஞ்சிருக்கு?"

விற்பவர் எட்டிப் பார்த்தார். "பழைய பழக்கமா இருக்கும் சார். கியர் வண்டி ஓட்டினவங்க சும்மா காலை ஆட்டுவாங்க."

பதில் கேட்க நன்றாகத்தான் இருந்தது. வாங்கிவிட்டார்கள்.

இரண்டு வாரம்... அந்த வீட்டில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் கண்டதில்லை என்றார் நண்பர். அக்கா தாமே போனார், தாமே வந்தார். வழியில் நிறுத்திப் பழம் வாங்கினார். காரணமே இல்லாமல் ஏரிக்கரையில் ஐந்து நிமிடம் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தார். காரணமே இல்லாமல்! ஒரு மனிதப் பிறவிக்கு அதைவிடப் பெரிய விடுதலை எது?

மூன்றாம் வாரம், கணவரும் உடன் வந்த இரவு. இப்போது நாம் அந்த ஏரிக்கரைச் சாலைக்கு வந்துவிட்டோம். மணி பதினொன்று இருபது.

கணவர் தற்செயலாகக் கீழே பார்த்தார்.

இடது கால் அசைந்தது.

மூன்றாண்டுகளாக மரக்கட்டையாய்க் கிடந்த கால்... தரையிலிருந்து எழுந்தது. காற்றில் எதையோ அழுத்தியது. விட்டது. அந்தக் கணம் முகப்பில் ஒன்று என்ற எண் மறைந்து இரண்டு வந்தது. பிறகு மூன்று, கால் அசையவில்லை. பிறகு மறுபடி எழுந்தது, அழுத்தியது, விட்டது. நான்கு. ஐந்துக்குச் சும்மா இருந்தது. ஆறுக்கு அழுத்தியது.

முதலில் கால். அதற்குப் பிறகுதான் எண்.

"கால்... உன் கால் அசையுது," என்றார்.

அக்கா ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாராம். ஆனந்தத்தில். மறுநாளே ஓடினார்கள், இயன்முறை மருத்துவரிடம். அவர் சுத்தியலால் தட்டினார், நீவினார், குத்தினார். கல். அசைவே இல்லை. வண்டிக்குள் உட்காரவைத்து ஓட்டச் சொன்னால்... இரண்டு, நான்கு, ஆறு. மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார். மெக்கானிக் கணினியைச் செருகிப் பார்த்தார். குறை ஒன்றுமில்லை. "கியர்பெட்டி பழைய ஓட்டுநரோட பழக்கத்தை ஞாபகம் வச்சிருக்கும். அதை அழிச்சுட்டேன்கா. இனிமே உங்க பழக்கம்தான்," என்றார்.

என்ன தபால்காரரே? பேய்க்கும் ஓட்டுநர் உரிமம் உண்டா என்றா கேட்கிறீர்கள்? கேளுங்கள். நானும் அன்று அப்படித்தான் கேட்டேன்.

அழித்த பிறகு வந்த முதல் இரவு. அதே சாலை. அக்கா, கணவர் இருவரும். வண்டி ஆறாம் கியரில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று இடது கால் எழுந்து தரையோடு தரையாக அழுந்தியது. எழவில்லை. இஞ்சின் ஓலமிட்டது, சக்கரங்களுக்கு விசை போகவில்லை. வண்டி வேகம் இழந்து, இழந்து... நடுச்சாலையில் நின்றது. முன்விளக்கு அணைந்தது. தவளைகளும் அடங்கிவிட்டன. எரிந்த கிளட்ச் தகட்டின் வாடை.

"காலை எடு."

"நான் அழுத்தலைங்க."

"எடும்மா."

"எப்படி எடுப்பேன்... என் கால் மேல ஒரு கால் இருக்கு." குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "ஷூ போட்ட கால். கனமா இருக்கு. ஈரமா இருக்குங்க."

எண்ணிப் பாருங்கள். நெருப்பையும் உணராத கால். மூன்றாண்டுகளில் அது உணர்ந்த முதல் பொருள் அது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று தெரியவில்லை. பிறகு அந்தப் பாரம் தானே விலகியது, கால் எழுந்தது, வண்டி தானே நகர்ந்தது. வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தார்கள். அக்காவின் இடது கான்வாஸ் காலணியின் மேற்புறத்தில், கறுத்த ரப்பர் தூளில், ஓர் அரைவட்டம். நடுவில் மூன்று கோடுகள். கணவர் கண்ணாடி துடைக்கிற துணியால் அதைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரமே வண்டியை வாங்கிய இடத்திலேயே கொடுத்துவிட்டார்கள். எங்கே போயிற்று என்று விசாரிக்கவில்லை. அக்கா பகல் பணிக்கு மாற்றிக்கொண்டார். மறுபடியும் மருத்துவமனை வாசலில் காத்திருப்பு, கணவரின் கடிகாரம். ஆயினும் வீட்டில் அமைதி. பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள் இரவு பதினொன்று இருபதுக்கு, கட்டிலில் ஒரு சத்தம். தொப்.

கணவர் விளக்கைப் போட்டார். அக்கா விழித்துத்தான் இருந்தார். அவருடைய இடது கால் கட்டிலின் கால்மாட்டுப் பலகையை அழுத்தியது. விட்டது. சற்றுப் பொறுத்து மறுபடி. விட்டது. மறுபடி. இரண்டு... நான்கு... ஆறு.

பிறகு நீண்ட அசைவின்மை. கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிடம். ஏரிக்கரைச் சாலையைக் கடக்க நான்கு நிமிடம்.

ஓர் அழுத்தல். சூளை வளைவு. இன்னொன்று. ரயில்வே கேட். பிறகு மூன்று வேகத்தடைகள். முதல் இரண்டு அடுத்தடுத்து, மூன்றாவது சற்றுத் தள்ளி. அது அவர்கள் தெருவின் கணக்கு. கண்ணாடிக் கடைக்காரர் தம் மனைவியின் காலில் தம் தெருவைப் படித்துக்கொண்டிருந்தார். நிறுத்த வழியில்லை. யாரை நிறுத்துவது? எதை நிறுத்துவது?

கடைசியாகக் கால் பலகையோடு அழுந்தியது. அப்படியே நின்றது. பதினொன்று ஐம்பது.

ஜன்னலைத் திறந்தார். தெரு வெறுமை. வண்டி இல்லை, ஆள் இல்லை. எரிந்த தகட்டின் வாடை மட்டும் மாடி வரை ஏறி வந்தது.

திரும்பி வந்து, ஐயம் தீர, மனைவியின் காலைப் பிடித்து மெல்ல ஓர் அங்குலம் தூக்கினார். கீழே சரளைக் கல் நொறுங்கியது. இரும்புக் கதவில் எதுவோ முட்டியது. ணங்...

"விடாதீங்க," என்றார் அக்கா. "அழுத்துங்க. எடுத்தா உள்ள வந்துடும்."

அழுத்தினார். சத்தம் நின்றது. விடியும் வரை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். முதல் பால்வண்டி மணி அடித்தபோதுதான் கால் பழையபடி கட்டையானது. மறுநாள் இரவும் அப்படியே. அதற்கடுத்த இரவும் அப்படியே. வாடகைக்கு வேறு வீடு மாறினார்கள்; நான்காம் இரவு கால் புதிய தெருவின் வேகத்தடைகளையும் எண்ணிவிட்டது.

ஒருவரால் முடியுமா? வாரத்துக்கு ஏழு இரவு. கணவருக்கு மூன்று. அக்காவின் நாத்தனாருக்கு இரண்டு. நண்பருக்கு வியாழன். ஆகவேதான் அவர் இங்கே இல்லை. மணி என்ன? பதினொன்று ஐம்பத்திரண்டா? அப்படியென்றால் வந்து நின்றிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்னுடையது.

ஆம். பகுத்தறிவு பேசுகிற நான் போகாமல் யார் போவது? போன ஞாயிறு பதினொன்று பத்துக்கே போய்விட்டேன். வந்து நின்றபின் பிடிப்பானேன், புறப்படவிடாமலே தடுப்போம் என்று, அந்தப் பாதத்தின்மேல் என் வலது கையை வைத்துக் காத்திருந்தேன். என்னை நம்பி அந்த அம்மா முதன்முறையாகக் கண்ணை மூடினார். பதினொன்று இருபது ஆயிற்று. கையின்மேல்... ஒரு கனம் இறங்கியது. ஈரமாக.

மெழுகுவத்தியை இப்படிக் கொண்டுவாருங்கள். என் புறங்கையைப் பாருங்கள். அரைவட்டம். நடுவில் மூன்று கோடுகள். நான்கு நாளாகக் கழுவுகிறேன்.

நாத்தனார் இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். நாளை வெள்ளிக்கிழமைக்கு ஆள் இல்லை. உங்களில் யார் போகிறீர்கள்?